பக்கம் பதினொன்று

தமுக்கம் மைதானத்தில் மூன்றாவது வரிசை.
கையில் நாலாயிரம் ரூபாய்.
பில் வேண்டும், பில்லில் சீல் வேண்டும்,
தலைமையாசிரியர் சொன்னபடி
'பழங்குடியினர் சம்பந்தமா ரெண்டு மூணாவது' வேண்டும்.

கடைப்பையன் எடுத்துப் போட்டான்.
முதல் புத்தகத்தில் இலை உடுத்தியிருந்தார்கள்.
அடுத்ததில் தலைக்குத் தலை இறகு,
எந்த ஊர்ப் பறவையோ,
கிளிப்பச்சையும் இல்லை மயில்நீலமும் இல்லை.
இன்னொன்றில் நகரத்துச் சிறுவன் ஒருவன்
காட்டுக்குப் போய்
அவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தான்.
பிறகு ஒன்று, வழவழத் தாள், கெட்டி அட்டை,
'முன்னொரு காலத்தில்' என்று தொடங்கி
'வாழ்ந்தார்கள்' என்று முடிந்தது.

வாழ்ந்தார்கள்.
நேற்று மத்தியானம்
இன்னொரு முட்டை கேட்டாளே அழகுராணி,
அவளை நான் எந்தக் காலத்தில் வைத்துப்
பாடம் நடத்துவது?

சாப்டூருக்கு மேற்கே எங்கள் பள்ளி.
நான்காம் வகுப்பில் இருபத்திமூன்று பேர்.
ஆறு பேர் பளியர் குடியிருப்பிலிருந்து
ஓடையைத் தாண்டி வருகிறவர்கள்.
ஓடையில் தண்ணீர் வந்தால்
பதினேழு பேர்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும்
அந்த ஆறு முகங்களை
அட்டையின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.
பிறகு மற்ற பதினேழு பேரை.
அதுதான் பயம்.
எந்தப் படத்தைக் காட்டி
இடைவேளையில் யாரைக் கூப்பிடுவார்கள்,
அந்தப் பெயர் எத்தனை வருஷம் ஒட்டிக்கொள்ளும்.

"வேற எந்த மாதிரி வேணும் டீச்சர்?"
"சட்டை போட்ட மாதிரி."
சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து
ஸ்டூலைப் போட்டு மேலே ஏறினான்.

இருபத்துநாலு பக்கம், பின் அடித்தது,
நாற்பத்தைந்து ரூபாய், தூசி இலவசம்.
எழுதியவர் ஒரு அங்கன்வாடிப் பணியாளர்.
கதை சொன்ன ஒன்பது பேரும் பளியர்,
ஒன்பது பெயரும் அச்சில்.
தேனெடுக்கப் போன அப்பாவிடம் பேச
டவர் கிடைக்கிற பாறையைத் தேடிப் போகிறாள் ஒரு சிறுமி.
அவ்வளவுதான் கதை.
நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.
ஐந்து பிரதி கட்டச் சொன்னேன்.
மீதிக்கு டைனோசர், கிரகங்கள், இரண்டு அகராதி.

தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்தார்.
"இதுல பழங்குடி எங்க டீச்சர் இருக்கு?
போன்லதான் பேசிக்கிட்டிருக்காங்க."
இருப்புப் பதிவேட்டில் 'பொருள்' என்ற கட்டத்தில்
'கதை' என்று எழுதினேன்.

வாசித்த அன்று
பதினோராம் பக்கத்தில் விரல் வைத்தாள் அழகுராணி.
"தப்பா போட்டிருக்கு டீச்சர்.
கயித்தச் சித்தப்பா பிடிக்கிறாரு.
மாமாதான் பிடிக்கணும். எங்கம்மா கூடப் பொறந்த மாமா."
"எங்க வீட்ல அப்பிடியெல்லாம் இல்ல" என்றான்
அதே குடியிருப்பு வீரபாலன்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
எனக்கென்ன தெரியும்,
நான் திருமங்கலத்துக்காரி.
பென்சிலை நீட்டினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து முத்துக்காமு கேட்டான்:
"மாமா கயித்த விட்டுட்டா?"
வகுப்பு அமைதியாகிவிட்டது.
படத்தில் பாறைக்குக் கீழே
தொங்கிக்கொண்டிருந்தார் அப்பா.
"எப்பிடி விடுவாரு," என்றாள் அழகுராணி,
"தொங்குறது அவரு அக்கா புருசன்ல."

இருபத்திமூன்று தலையும்
அந்த ஒரு பக்கத்தின் மேல் முட்டிக்கொண்டன.
சித்தப்பா மேல் கோடு இழுத்து
'மாமா' என்று எழுதியிருக்கிறாள்.
பக்கத்தில் வேறு கையெழுத்தில்
'சில வீட்ல சித்தப்பா'.
ஆடிட்டுக்கு வருகிறவர் கேட்பார்,
அரசுப் புத்தகத்தில் யார் கிறுக்கியது என்று.
கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஆளுக்கொரு புத்தகம்.
ஐந்து பிரதியையும் அடித்துப்பிடித்து
அள்ளிப் போனார்கள் பதினேழு பேரில் ஐந்து பேர்.
அழகுராணி எடுத்தது டைனோசர்.
எனக்கு லேசாக வலித்தது.
"ஏம்மா, அது வேண்டாமா?"
"அது எனக்குத் தெரிஞ்ச கதைதானே டீச்சர்."

சனி, ஞாயிறு மழை.
திங்கட்கிழமை வருகைப்பதிவு
பதினேழு.
டைனோசர்
ஓடைக்கு அந்தப் பக்கம்.